எட்டடிக்கு ஆறடி

விமானம் தலைக்கு மேல் இறங்கும்போது அந்தக் கடையில் பேச்சு நின்றுவிடும். தகரக் கூரை அதிரும். டப்பாவில் கிடக்கும் ரிவெட்டுகள் கிலுகிலுக்கும். சுவரில் மாட்டிய பைகள் லேசாக ஆடும். ஜிப்பக்கா சொல்ல வந்ததை வாயிலேயே வைத்துக்கொண்டு, சத்தம் ஓய்ந்ததும் விட்ட இடத்திலிருந்து எடுப்பாள். ஒரு சொல்லைக்கூடத் திரும்பச் சொல்ல மாட்டாள். இருபத்திரண்டு வருஷமாக இப்படிப் பாதியும் பாதியுமாகப் பேசியே இரண்டு பெண்கள் அங்கே பிழைப்பை ஓட்டினார்கள்.

விமான நிலையத்துக்குப் போகிற சாலையில், கடைசி பஸ் நிறுத்தத்துக்கு எதிரில் கடை. பை, பெட்டி ரிப்பேர். சக்கரம் கழன்றது, கைப்பிடி ஒடிந்தது, ஜிப் வாயைப் பிளந்தது என்று ஊருக்குக் கிளம்புகிறவர்கள் பதறிக்கொண்டு ஓடிவரும் இடம். பெரியவளுக்கு ஜிப் வேலை அத்துப்படி என்பதால் அவள் ஜிப்பக்கா. அவளுடைய தம்பி பெண்டாட்டி, கூடவே உட்கார்ந்து வேலை கற்றவள், சின்னக்கா. நாத்தனாரும் தம்பி மனைவியும் ஒரே கூரைக்குக் கீழே இத்தனை வருஷம் முகம் சுளிக்காமல் இருந்தார்கள் என்றால் தெருவில் யாரும் நம்ப மாட்டார்கள். "முகத்தைப் பார்த்தாதானேடி சுளிக்கறதுக்கு" என்பாள் ஜிப்பக்கா. அதுவும் சரிதான். கடை ரயில் பெட்டி மாதிரி நீளமாக, குறுகலாக இருக்கும். வாசலைப் பார்த்துச் சின்னக்காவின் மேஜை. அவள் முதுகுக்குப் பின்னால், உள்ளே தள்ளி, ஜிப்பக்காவின் மெஷின். சின்னக்கா திரும்பிப் பார்க்காமலே கையைப் பின்னால் நீட்டுவாள். கொறடோ நூல்கண்டோ, எது வேண்டுமோ அது உள்ளங்கையில் வந்து உட்காரும்.

போன வருஷம் விமான நிலையத்தில் புதுக் கட்டடம் எழும்பியது. உள்ளே வரப்போகிற கடைகளை ஒரு பெரிய கம்பெனி மொத்தமாக எடுத்திருந்தது. ஆனால் அதில் ஒரு பங்கு இடத்தை, வாய்ப்பே கிடைக்காமல் ஒதுக்கப்பட்டவர்கள் நடத்துகிற சிறு தொழில்களுக்கு விட்டாக வேண்டும் என்று விதி. பஸ் நிறுத்தத்தில் ஒட்டியிருந்த அந்த அறிவிப்பைச் சின்னக்காவை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள் ஜிப்பக்கா. அப்புறம் ஒரே கேள்விதான் கேட்டாள். "பெட்டி உடையறது உள்ளே. நாம எதுக்கு வெளியில உட்கார்ந்திருக்கோம்?"

விண்ணப்பம் பதினெட்டுப் பக்கம். மத்தியானம் ரொட்டியும் டீயுமாக உட்கார்ந்து, அக்கா சொல்லச் சொல்லச் சின்னக்கா எழுதினாள். பெரியவளுக்கு எழுத்து தகராறு. சின்னவள் பத்தாவது வரை படித்தவள். 'தொழிலில் இறுதி முடிவு எடுப்பவர் யார்?' என்று ஓர் இடத்தில் கேட்டிருந்தார்கள். "நான்னு போடு. வேற யாரு, உன் புருஷனா?" என்று ஜிப்பக்கா சிரித்தாள். சின்னக்காவும் சிரித்துக்கொண்டே போட்டாள்.

அந்தச் சமயத்தில் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார். வெயில் கொளுத்துகிற நாளில் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்ததால் அவருக்குக் கோட்டுக்காரர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. அவர் சொன்னது எளிமையான விஷயம். விதிப்படி ஒரு சிறு தொழில்காரர் பெயர் வேண்டும். பெயர் உங்களுடையதாக இருக்கட்டும், கடையை நாங்களே பார்த்துக்கொள்கிறோம், புதுப் பெட்டிகளை அடுக்கி விற்போம், மாதாமாதம் ஒரு பங்கு வீடு தேடி வரும், நீங்கள் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க வேண்டாம் என்றார். ஜிப்பக்கா பொறுமையாகக் கேட்டாள். பிறகு ஒரு பெட்டியை அவர் முன்னால் கவிழ்த்து வைத்து, கையில் கொறடைக் கொடுத்து, "இந்தச் சக்கரத்தை மட்டும் கழட்டிக் குடுங்க தம்பி, மிச்சத்தைப் பேசலாம்" என்றாள். அவர் கொஞ்ச நேரம் முட்டி மோதிப் பார்த்துவிட்டு, விரலைச் சப்பிக்கொண்டே போனார். அந்தச் சிரிப்பு அந்த வாரம் முழுக்க இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை. மழை பெய்து ஓய்ந்திருந்தது. சின்னக்கா ஒரு தோள்பையின் வாரைக் குத்தூசியால் துளைத்துக்கொண்டிருந்தாள். "ஏம்மா, அந்தச் சாம்பல் கலர் பெட்டி இருக்கே, அதை நீ" என்று பின்னாலிருந்து ஜிப்பக்கா ஆரம்பித்தாள். விமானம் வந்தது. தகரம் அதிர்ந்தது. சின்னக்கா காத்திருந்தாள். சத்தம் போய்விட்டது. தண்ணீர் சொட்டுகிற ஓசை கேட்டது. மிச்சப் பேச்சு வரவில்லை.

திரும்பிப் பார்த்தபோது ஜிப்பக்கா மெஷின்மேல் கன்னத்தை வைத்துப் படுத்திருந்தாள், துணியில் காது கொடுத்து எதையோ கேட்கிற மாதிரி. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது, துளி வலி இருந்திருக்காது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

மூன்றாவது வாரம் கடிதம் வந்தது. முதல் சுற்றில் தேர்வாகிவிட்டது. விமானம் ஏறப் போகும் வழியில், எட்டடிக்கு ஆறடி இடம். கடையை நேரில் வந்து பார்ப்போம், விண்ணப்பித்தவர் இருக்க வேண்டும் என்று தேதி போட்டிருந்தது. சின்னக்கா கடிதத்தை எடுத்துக்கொண்டு விமான நிலைய அலுவலகத்துக்கு ஓடினாள். தொழில் பதிவில் அவளும் கூட்டாளி என்பதால் விண்ணப்பத்தை அவள் பெயருக்கு மாற்றலாம், ஆய்வில் கேள்விக்கு அவள்தான் பதில் சொல்லியாக வேண்டும் என்றார்கள். பதில்களா? அவள் கையால் எழுதிய பதில்கள்தானே. தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவாள்.

இதற்கு நடுவில் கடையில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. அலமாரியில் ஜிப்பக்கா ரிப்பேருக்கு வாங்கி வைத்த பைகள் பதினாறு இருந்தன. ஒவ்வொன்றிலும் தையல்காரர் சாக்பீஸால் அவள் குறி போட்டிருந்தாள். வட்டம் என்றால் சக்கரம். இரட்டைக் கோடு என்றால் ஜிப்பின் ரன்னரை மாற்று. பெருக்கல் குறி என்றால் உள்பக்கம் ஒட்டுப் போடு. சின்னக்கா ஒவ்வொரு பையாக இறக்கி, குறியைப் பார்த்து, சொன்னபடி செய்தாள். வேலைக்கு நடுவில் கையைப் பின்னால் நீட்டுவாள். நூல்கண்டு வராது. அப்போதும் அவள் திரும்பிப் பார்ப்பதில்லை. கை அந்தரத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் தானாக இறங்கும். "அக்கா, இந்த வார் தாங்குமா?" என்று கேட்பாள். பதில் காதில் விழாது. ஆனால் எங்கேயோ விழுந்து, கை அதன்படி வேலை செய்யும். முதுகுத்தண்டு முழுக்க ஒரு கவனம் உட்கார்ந்திருந்தது. வாடிக்கையாக வரும் ஒருவர், உள்ளே ஆள் இருக்கிறது என்று நினைத்து, எட்டிப் பார்த்து வணக்கம் சொல்லிவிட்டு அப்புறம் முகம் வெளிறிப்போனார்.

அவள் புருஷன் வேன் ஓட்டுகிறவர். சரக்கு முனையத்துக்கும் நகரத்துக்கும் நடை. அக்கா போனதிலிருந்து அவர் கடைக்குள் கால் வைப்பதில்லை. சாயங்காலம் வேனை எதிரில் நிறுத்திவிட்டு, அவள் கதவை இழுத்துப் பூட்டுகிற வரை வண்டியிலேயே உட்கார்ந்திருப்பார். தாய் இல்லாத தம்பியான அவரைத் தூக்கி வளர்த்தவள் ஜிப்பக்கா. ஒருநாள் வேன் பாதி வழி போனதும் ஓரமாக நிறுத்தினார்.

"கடையை மூடிடலாம்" என்றார். "அந்தக் கோட்டுக்காரர் திரும்ப வந்திருந்தார். கையெழுத்து மட்டும் போதும்னு சொல்றார்."

"எதுக்கு மூடணும்?"

"நேத்து கொஞ்சம் சீக்கிரம் வந்துட்டேன். வாசல் வரைக்கும் வந்தேன். நீ பேசிட்டிருந்தே."

சின்னக்கா தலையைக் குனிந்துகொண்டாள். பயந்துட்டீங்களா என்று மெதுவாகக் கேட்டாள்.

"நீ பேசினதுக்குப் பயப்படல." அவர் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நீ கேட்டுட்டு நிறுத்தினியா, பதில் வரட்டும்னு நானும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அதான் வேண்டாம்ங்கறேன்."

ஆய்வுக்கு வந்த நாளும் மழை. அதிகாரி ஒரு பெண்மணி, நாற்பது நாற்பத்தைந்து இருக்கும். நனைந்த செருப்பை வாசலில் உதறிவிட்டு உள்ளே வந்து, காட்டிய நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே குறிப்பெடுத்தார். முகத்தில் கடுப்பு இல்லை. சின்னக்கா ஒப்பித்தாள். சக்கரம் எங்கே வாங்குகிறீர்கள் என்று கேட்டார். அக்கா வாங்குகிற இடத்தில்தான் என்றாள். ஏன் அங்கே? அக்காவுக்கு அவர்களைத்தான் பிடிக்கும். வேலைக்குக் கூலி எப்படிச் சொல்லுவீர்கள்? அக்கா பெட்டியைத் தூக்கிப் பார்த்துச் சொல்லுவாங்க. உள்ளே இடம் கிடைத்தால் எத்தனை மணிக்குத் திறப்பீர்கள்? விடிகாலையில் என்று அக்கா சொல்லியிருக்காங்க. கேள்விக்குக் கேள்வி அக்கா வந்து நின்றாள். கடைசியாக, பெரிய கம்பெனி யாராவது உங்கள் பெயரை மட்டும் கேட்டால் என்ன சொல்லுவீர்கள் என்று கேட்டார்.

"அக்கா முடியாதுன்னு சொல்லி அனுப்பிட்டாங்க."

"நீங்க என்ன சொல்லுவீங்க?"

சின்னக்கா வாயைத் திறந்தாள். கழுத்து தானாகப் பின்பக்கம் கொஞ்சம் சாய்ந்தது. அதிகாரி அதைப் பார்த்தார். கழுத்து சாய்ந்த திசையில் அவரும் எட்டிப் பார்த்தார். மெஷின், முக்காலி, தொங்குகிற பல்பு. பேனாவை மூடி வைத்தார்.

"அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. ஒருத்தர் பேரைப் போட்டுட்டு இன்னொருத்தர் கடை நடத்தக் கூடாதுன்னுதான் நாங்க வந்து பார்க்கிறதே. இங்க பேர் உங்க பேரா மாறியிருக்கு. கடையை நடத்தறது உங்க நாத்தனார்."

"அவங்க செத்துட்டாங்களே" என்றாள் சின்னக்கா.

"அதைத்தான் நானும் சொல்றேன்" என்றார் அதிகாரி. அந்தக் குரலில் இரக்கம் இருந்தது, அதுதான் சின்னக்காவை உலுக்கியது. இரண்டு வாரத்தில் இன்னொரு தடவை வர முடியும், அதற்கு மேல் தன் கையில் இல்லை என்று சொல்லி, செருப்பை மாட்டிக்கொண்டு மழையில் இறங்கிப் போனார்.

அன்று சின்னக்கா வேறு வேலை எதுவும் செய்யவில்லை. மேஜையில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு தெருவில் ஓடுகிற தண்ணீரைப் பார்த்திருந்தாள். பின்னாலிருந்து ஒரு சத்தமும் இல்லை. ஆனால் இல்லாமலும் இல்லை.

அலமாரியில் ஒரே ஒரு பெட்டிதான் மிச்சம் இருந்தது. சாம்பல் நிறம், கெட்டி பிளாஸ்டிக் ஓடு, மூலையில் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல். மேலே பெருக்கல் குறி. உள்பக்கம் தோல் துண்டை வைத்து நாலு ரிவெட் அடிக்கச் சொல்லி அர்த்தம். இப்படிக் கெட்டி ஓடு வைத்த எல்லாப் பெட்டிக்கும் ஜிப்பக்கா அதைத்தான் செய்வாள். அது நிற்காது என்று சின்னக்காவுக்கு ஏழெட்டு வருஷமாகத் தெரியும். விமானத்தின் அடிவயிற்றில் குளிரில் கிடந்துவிட்டு வந்தால் ரிவெட் அடித்த இடத்திலேயே புதுசாகப் பிளக்கும். அதே பெட்டிகள் திரும்பி வந்ததை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். சொன்னதில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றியதுகூட இல்லை. செவ்வாய்க்கிழமை அக்கா சொல்ல வந்தது இந்தப் பெட்டியைப்பற்றித்தான். அதை நீ ஒட்டுப் போடு என்பதா, அதை நீ தொடாதே என்பதா, உன் இஷ்டப்படி செய் என்பதா? இத்தனை நாளாக அவள் அந்த வாக்கியத்தின் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

மறுநாள் காலை பெட்டியை இறக்கினாள். விரிசலின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு துளை போட்டாள், மேற்கொண்டு ஓடாமல் இருக்க. பிறகு இரண்டு கரையிலும் அரை விரல் தள்ளித் தள்ளி மெல்லிய துளைகள். நைலான் கயிற்றை மெழுகில் இழுத்து, கிழிந்த தோலைத் தைக்கிற மாதிரி குறுக்கும் நெடுக்குமாகத் தைத்து இறுக்கினாள். பாதி வேலையில் முதுகு சில்லிட்டது. இப்போது திட்டு விழும் என்று காத்திருந்தாள். ஒரு தடவை, "இல்லக்கா, இது இப்படித்தான்" என்று வாய்விட்டே சொன்னாள். சொன்ன பிறகு வந்த அமைதி மாதிரி ஒன்றை அவள் அதுவரை அனுபவித்ததில்லை. வேலை முடிந்ததும் ஈரத் துணியால் பெருக்கல் குறியைத் துடைத்தாள். வெள்ளை கரைந்து விரலில் வழிந்தது. யாரையோ கொன்றுவிட்டு கை கழுவுகிற மாதிரி இருந்தது அவளுக்கு.

சாயங்காலம் வேன் வந்து நின்றதும் அவள் கதவைப் பூட்டவில்லை. எதிரில் போய், கண்ணாடியைத் தட்டி, மேஜையைத் திருப்பணும், ஒரு கை பிடிங்க என்றாள். அவர் முடியாது என்று தலையாட்டினார். அவள் நகரவில்லை. தெருவில் அவளைச் சுற்றிக்கொண்டு வண்டிகள் ஹாரன் அடித்தன. அவர் இறங்கி வந்தார்.

மேஜை கனம். இரண்டு பேரும் மூச்சு வாங்க அதைத் தூக்கி, உள்பக்கம் பார்க்கிற மாதிரி திருப்பிப் போட்டார்கள். வியாபாரத்துக்கு அது கூறுகெட்ட வேலை. வாசலில் வருகிறவருக்கு முதுகுதான் தெரியும். ஆனால் சின்னக்கா உட்கார்ந்து நிமிர்ந்தபோது முதல் தடவையாக அக்காவின் இடம் நேராகத் தெரிந்தது. முக்காலியில் யாரும் இல்லை. முதுகுக்குப் பின்னால் இருந்தவரைக்கும் அக்கா இருந்தாள். திரும்பிப் பார்த்ததும் இல்லாமல் போனாள். சின்னக்கா அழுதாள். ஆஸ்பத்திரியிலும் அவள் அழவில்லை, அதற்குப் பிறகும் அழவில்லை. புருஷன் மெஷினைத் தொட்டுக்கொண்டு நின்றவர், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். பதில் வராதுல்ல என்று கேட்டார். வராதுங்க என்றாள். அவர் அந்த முக்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார். இருட்டுகிற வரை இரண்டு பேரும் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தார்கள்.

மேஜையை நாலாவது நாள் மறுபடி வாசல் பக்கமே திருப்பிக்கொண்டாள். அதற்கப்புறம் முதுகு வெறும் முதுகாக இருந்தது.

கோட்டுக்காரர் வந்தபோது காகிதத்தோடு வந்தார். அக்கா பாணியில் ஏதாவது செய்யலாமா என்று ஒரு கணம் சின்னக்காவுக்குத் தோன்றியது. கொறடு பக்கத்திலேயே இருந்தது. எடுக்கவில்லை. "பேரைத் தனியா கழட்டிக் குடுக்க எனக்கு மனசில்லீங்க. வேலையோட வேணும்னா வரேன்" என்றாள். அவர் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. வேறு பெயர் தேடிப் போயிருப்பார்.

அதிகாரி இரண்டாவது தடவை வந்தபோது அந்தச் சாம்பல் பெட்டியை எடுத்துத் தையலை விரலால் அழுத்திப் பார்த்தார். ஒட்டுப் போட மாட்டார்களா இதற்கு என்று கேட்டார். "போடுவாங்க. நான் போட மாட்டேன்" என்று சொல்லி, ஏன் என்றும் சொன்னாள். சக்கரத்தை வேறு இடத்தில் வாங்கப் போவதையும் சொன்னாள். விடிகாலையில் தன்னால் திறக்க முடியாது, முதல் பஸ் வந்த பிறகுதான் என்றும் சொன்னாள். அதிகாரி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். போகும்போது உள்ளே இருந்த மெஷினை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் போனார்.

எட்டடிக்கு ஆறடி இடம் பனிக்காலத் தொடக்கத்தில் கைக்கு வந்தது. உள்ளே நுழைய கழுத்தில் படம் போட்ட அட்டை வேண்டும். பாதுகாப்புச் சோதனை வாசலில் நுழைந்து மறுபக்கம் வரும்போது சின்னக்காவுக்கு ஒரு நினைப்பு வந்தது: அட்டை இல்லாதவர்கள் இதற்கு மேல் வர முடியாது. கத்தரிக்கோல், குத்தூசி, கொறடு எல்லாவற்றையும் மேஜையோடு சங்கிலி போட்டுப் பூட்டச் சொன்னார்கள். காலையும் மாலையும் ஒருவர் வந்து எண்ணிவிட்டுப் போவார். பின்னால் கண்ணாடிச் சுவர். அதற்கப்பால் புல்லும் ஓடுபாதையும். பின்னால் கை நீட்டினால் குளிர்ந்த கண்ணாடி தட்டுப்படும். முதல் வாரத்தில் இரண்டு தடவை தட்டுப்பட்டது.

மூன்றாவது வாரம் ஒருத்தர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். கையோடு கொண்டுபோகிற பெட்டி, கைப்பிடி வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்திருந்தது. இடுப்பு பெல்ட்டைக் கழற்றிச் சுற்றிக் கட்டி இழுத்து வந்திருந்தார். விமானத்துக்கு நாற்பது நிமிஷம் இருந்தது. சின்னக்கா பெட்டியைக் கவிழ்த்தாள். உள்ளே ஆணி பிடித்த இடம் நொறுங்கியிருந்தது. புதுத் துளை போட்டு, பட்டையை மாற்றி, கைப்பிடியை ஒரு விரல் தள்ளிப் பொருத்தினாள். பெயர் சொல்லி யாரையோ கூப்பிட்டுக்கொண்டே இருந்தது ஒலிபெருக்கி. அந்த ஆள் வரவில்லை போலிருக்கிறது, மறுபடி மறுபடி கூப்பிட்டது. இவர் பதறாமல் நின்று அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நின்றபடியே பெல்ட்டை இடுப்பில் மாட்டிக்கொண்டார்.

பெட்டியைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, இருபத்திரண்டு வருஷப் பழக்கத்தில் சின்னக்கா சொன்னாள்: "போயிட்டு வாங்க."

அவர் கைப்பிடியை இழுத்துப் பார்த்தார். கெட்டியாக இருந்தது.

"வர்ற மாதிரி இல்லம்மா" என்றார், வருத்தமாக இல்லை, தகவல் சொல்கிற மாதிரி. "வீட்டைக் காலி பண்ணிட்டேன். இங்க எனக்கு இனிமே யாரும் இல்ல. போறதுதான்."

சின்னக்கா அவரைப் பார்த்தாள். பழைய கடையில், ரிப்பேர் சரியில்லை என்று திட்டுவதற்காகவாவது, வந்தவர்கள் திரும்பி வருவார்கள். இங்கே வருகிற ஒருத்தர் முகத்தையும் மறுபடி பார்க்கப் போவதில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வழக்கமான சொல் இன்னொரு தடவை நாக்கு நுனி வரை வந்தது. அதை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"சரிங்க" என்றாள். "நல்லபடியா போங்க."

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவரை அப்படி வழியனுப்பினாள். அவர் தலையாட்டிவிட்டு நடந்தார். பெட்டியின் சக்கரங்கள் சத்தமில்லாமல் உருண்டன. கூட்டத்துக்கு நடுவில் அவருடைய தலை தெரிந்தது, மறைந்தது, தெரிந்தது. கதவுக்கு முன்னால் சீட்டை நீட்டினார். திரும்பிப் பார்க்கவில்லை. அவர் போன பிறகும் கொஞ்ச நேரம் சின்னக்கா நின்றுகொண்டே இருந்தாள், மேஜை விளிம்பில் கையை ஊன்றி, போகட்டும் என்று.